கேசட்டில் ஏறாத கேள்விகள்

வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி சோதிடம் பார்த்து ஏமாந்தவன் என்று எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். அந்த இரக்கத்துக்கு நான் தகுதியில்லாதவன். நான் ஏமாந்தது கொஞ்சம்; பிறரை ஏமாற்றியது அதிகம்.

எனக்கு வேலை வங்கியில், தணிக்கைப் பிரிவில். வவுச்சர் இல்லாத ஐந்து ரூபாய்க்குக் கிளை மேலாளரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவன். அப்படிப்பட்டவன்தான் தொண்ணூறுகளின் கடைசியில், பதவி உயர்வு தள்ளிப்போன எரிச்சலில், ஒரு நாடி நிலையத்துப் பாயில் போய் உட்கார்ந்தேன். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது. ரேகையை மையில் எடுத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். அப்புறம் ஒருவர் சுவடிக் கட்டோடு வந்தார். ஏட்டைப் புரட்டி ஒரு வரி படிப்பார். உடனே ஒரு கேள்வி. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். தகப்பனார் இருக்கிறாரா? தாயார் பெயர் அம்மன் பெயரா? உங்கள் பெயர் முருகனோடு சம்பந்தப்பட்டதா? கூடப் பிறந்ததில் பெண் உண்டா? சம்பளம் அரசாங்கத்திலா, தனியாரிடமா? ஒத்துவராத ஏட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு கட்டு தீர்ந்து இன்னொரு கட்டு வந்தது.

ஒருவழியாக என் ஏடு அகப்பட்டது. அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். டேப் ரெக்கார்டரில் புதுக் கேசட்டைப் போட்டு, அகத்தியர் அருளியது என்று ராகத்தோடு தொடங்கினார். என் பெயர், அப்பச்சி பெயர், ஆத்தா பெயர், வேலை எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய்யில்லை. அவை அத்தனையும் சற்று முன் என் வாயிலிருந்தே துண்டு துண்டாகப் போனவை என்பது தெரிந்திருந்தும் உடம்பு சிலிர்த்தது.

மீதி குணவிசேஷம். திறமைக்கேற்ற மதிப்பு கிடைக்காதவன், உதவி செய்து கெட்ட பெயர் வாங்குபவன், வெளியே தைரியம், உள்ளுக்குள் கவலை. யாருக்குத்தான் இது பொருந்தாது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது. இதை நான் படித்தது வெகு காலம் கழித்து. படித்திருந்தாலும் அன்றைக்குப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அங்கே நான் தேடிப்போனது உண்மையை அல்ல. நான் ஒரு பொருட்டு என்று யாராவது, முடிந்தால் ஒரு முனிவர், சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

என் குற்றம் வீட்டுக்கு வந்தபிறகு தொடங்கியது. கேசட்டில் பாட்டு மட்டும்தான் இருந்தது. கேள்விகள் இல்லை. கூடத்தில் உறவுக்காரர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். “நீ எதுவுமே சொல்லாமலா பேரைச் சொன்னான்?” என்று ஒருவர் கேட்டார். “விரல் ரேகை மட்டும்தான் கொடுத்தேன்” என்றேன். அது பச்சைப் பொய். சொல்லும்போதே தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வைக்காகச் சொன்னேன். அகத்தியர் எனக்காக ஓர் ஏடு எழுதி வைத்திருந்தார் அல்லவா!

அந்தக் கூடத்தில் ஒன்றுவிட்ட தங்கையும் இருந்தாள். கணவருக்குத் தொழிலில் கடன். “பேங்க்ல ஆடிட் பண்ற அண்ணனே நம்புது” என்று சொல்லிக்கொண்டு அவளும் நாடி பார்க்கப் போனாள். பொதுப்பலன் சொல்லும் பொதுக் காண்டத்தோடு நிற்கவில்லை. கடனுக்கு ஆறாவது காண்டம். பூர்வ ஜென்மப் பாவம் தீர சாந்தி காண்டம் பதின்மூன்று. பரிகாரத்துக்கு வளையல்கள் போயின. ஆடிக்குப் பிறகு கடன் தீரும் என்று வந்ததை நம்பி, அவள் கணவர் வீட்டை வைத்து மேலும் கடன் வாங்கினார். வீடு போய்விட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏடு பொய்த்ததற்குக்கூடத் தன் பாவம் கனம் என்றுதான் காரணம் சொன்னாள்.

இதையெல்லாம் பக்தி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெரியாத்தா மட்டும் இல்லாவிட்டால் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பேன். முழங்கால் விடும்வரை சித்திரையில் செட்டிநாட்டிலிருந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போனவள். குளத்தில் முழுகுவாள், உப்பும் மிளகும் போடுவாள், வைத்தியநாதனையும் தையல்நாயகியையும் கும்பிடுவாள், திருச்சாந்து உருண்டை வாங்கி வருவாள். கண்ணில் புரை விழுந்தபோது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு, அடுத்த நடைக்கு வெள்ளியில் கண் செய்து உண்டியலில் போட்டாள். நாடி நிலையங்களின் பலகைகளைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும்; ஒன்றிலும் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “சாமி எனக்கு எதுக்குடா கணக்குச் சொல்லணும்?” என்றாள்.

தையல்நாயகி அவளுக்குத் துணையிருக்கிறாளா என்பதை நானோ நீங்களோ சரிபார்க்க முடியாது. அதைச் சொல்லி அவள் யாரையும் பணம் கட்ட வைக்கவும் இல்லை. ஏடு அப்படியல்ல. பெயர் சொன்னது, மாதம் சொன்னது, பணம் கேட்டது. சரிபார்க்கக் கூடியதைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டு, அதுவும் தணிக்கைக்காரன் விட்டுவிட்டு, அதற்குத் தெய்வ நம்பிக்கை என்று பெயர் வைத்தேன். தங்கையிடம் போன மாதம்தான் உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நாடி பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. போனால், பாயில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து எல்லாவற்றையும் உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதானால் முதல் கேள்வியிலிருந்து போட்டுக் காட்டுங்கள்.