எண்ணெய்க்கு விலை பேசும் நாணயம்

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒரு செய்தி ஊருக்கு ஊர் பரவிற்று. 1974 ஜூன் 8-இல் அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் ஐம்பதாண்டு உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனவாம். எண்ணெயை டாலருக்கன்றி வேறு நாணயத்துக்கு விற்பதில்லை என்பது அதன் வாசகமாம். அந்தத் தவணை தீர்ந்துவிட்டதாம். இனி டாலர் வீழ்வது திண்ணமாம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நின்றவர்களுள் சிலர் இதனை வெற்றிச் செய்தியாகவே பேசினர். பிள்ளைகளைச் சபுருக்கு அனுப்பிவிட்டு அவர்கள் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்துவோரோ கலங்கினர். நம்மிடம் வந்து கேட்டவர்களை நாம் திருப்பிக் கேட்டது, ஹதீஸ் பாடத்தில் ஆண்டுக்கணக்காக மாணவரிடம் கேட்டுப் பழகிய கேள்விதான்: இதன் ஸனது எங்கே? யார் சொல்ல யார் கேட்டது?

தேடிப் பார்த்தால் அறிவிப்பாளர் தொடர் நடுவிலேயே அறுந்து கிடக்கிறது. அந்த நாளில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது மெய்யே. அமெரிக்காவின் சார்பில் கிஸ்ஸிங்கரும், சவூதியின் சார்பில் அன்று இளவரசராயிருந்த ஃபஹதும் வாஷிங்டனில் அதனைச் செய்தனர். பொருளாதார ஒத்துழைப்புக்கு ஒரு கூட்டு ஆணையமும், படைத்தேவைகளைக் கவனிக்க மற்றொரு குழுவும் அமைப்பது அதன் நோக்கம். டாலருக்கு மட்டுமே எண்ணெய் விற்க வேண்டும் என்ற ஷரத்து அதில் இல்லை.

ஆயினும் பொய்ச் செய்தியும் ஏதோ ஒரு மெய்யின் நிழலில்தான் முளைக்கிறது. அந்த மெய் யாதென்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

1944-இல் பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் நாடுகள் கூடிச் செய்த ஏற்பாட்டின்படி, 35 டாலருக்கு ஓர் அவுன்ஸ் தங்கம் என்று அமெரிக்கா பிற அரசுகளுக்கு வாக்களித்திருந்தது. 1971 ஆகஸ்ட் 15-இல் அதிபர் நிக்ஸன் அந்தக் கதவை அடைத்துவிட்டார். அன்று முதல் டாலர், தங்கத்தின் பிணை இல்லாத வெறுந்தாள். 1973 அக்டோபர்ப் போரை அடுத்து எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பாலைவன நாடுகளில் பணம் வெள்ளமாய்ப் பெருகிற்று. செலவிட்டு மாளாத அந்தப் பணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

1974 ஜூலையில் அமெரிக்கக் கருவூலச் செயலர் வில்லியம் சைமன் சவூதிக்குப் பயணம் மேற்கொண்டது இதனை முன்னிட்டே. எண்ணெய் விற்ற பணத்தில் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களைச் சவூதி வாங்கும். வாங்கிய தொகையின் அளவு வெளியே தெரியாது. இந்த ஏற்பாடு நாற்பதாண்டுக்கு மேல் திரைமறைவில் இருந்தது. 2016-இல்தான் அமெரிக்கக் கருவூலம் சவூதியின் கணக்கைத் தனியே வெளியிட்டது: அவ்வாண்டு மார்ச்சில் 11,680 கோடி டாலர்.

ஆகவே இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துக் காண வேண்டும். ஃபிக்ஹுக் கிதாபுகளில் வியாபாரத்தின் பாடம் ஓதியவர்களுக்கு இது கடினமன்று. சரக்குக்கு ஈடாகப் பேசப்படும் ஸமன் வேறு. ஒருவனிடம் ஒப்படைத்து வைக்கும் அமானிதம் வேறு. எண்ணெய்க்கு டாலரில் விலை பேசுவது முன்னது. விற்ற பணத்தை டாலரிலேயே சேமித்து வைப்பது பின்னது. டாலருக்கு வலிமை தருவது பெரும்பாலும் பின்னதே என்பது நம் கருத்து.

கணக்கிட்டுப் பார்க்கலாம். உலகம் நாளொன்றுக்குச் செலவிடும் எண்ணெய் சுமார் 10 கோடி பீப்பாய். பீப்பாய் 80 டாலர் என வைத்து, அத்தனையும் நாடு விட்டு நாடு விற்பனையாவதாகவே கொண்டாலும், நாளுக்கு 800 கோடி டாலர்தான். உலகின் அன்னியச் செலாவணிச் சந்தையிலோ 2022 ஏப்ரலில் ஒரு நாளில் கைமாறிய தொகை 7.5 லட்சம் கோடி டாலர். எண்ணெய்ப் பணம் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. யூரோவில் எண்ணெய் விற்றவன் அடுத்த கணமே அதனை டாலராக மாற்றிக்கொண்டால் டாலருக்கு என்ன நட்டம்? டாலரில் விற்றவன் அன்றே அதனைத் தங்கமாக்கிவிட்டால் டாலருக்கு என்ன இலாபம்? நாணயம் கண்ணாடி போன்றது, தனக்கென நிறமின்றிப் பிற பொருள்களின் நிறத்தைக் காட்டுவது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் விளக்கியது விலை பேசும் நாணயத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

நடந்தவையும் இதற்குச் சான்று. 1975-இல் லிப்ரவில் நகரில் கூடிய ஒபெக் நாடுகள், டாலரை விட்டுவிட்டுப் பன்னாட்டு நிதியத்தின் கணக்கு நாணயத்தில் எண்ணெய் விலையைக் குறிக்க முடிவெடுத்தன; அது நடைமுறைக்கு வரவேயில்லை. 2000-இல் இராக் தன் எண்ணெயை யூரோவுக்கு விற்றது, டாலர் அசையவில்லை. 2022-க்குப் பின் ரஷ்யா இந்தியாவுக்கு மிகுதியாக எண்ணெய் விற்றது. ரூபாயும் ஓரளவு கைமாறிற்று. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கான ரூபாய் குவிந்து கிடப்பதையும், வேறு நாணயமாக மாற்றினாலன்றி அது பயன்படாது என்பதையும் வெளிப்படையாகவே கூறினார். வாங்கியாயிற்று, வைத்துக்கொள்ள மனமில்லை!

நம் ரூபாய்க்கும் வளைகுடாவில் ஒரு காலம் இருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய் சந்தைகளில் இந்திய ரூபாயே புழங்கிற்று. தங்கத்தைக் கள்ளத்தனமாக இந்தியாவுக்கு அனுப்பி, கிடைத்த ரூபாயை ரிசர்வ் வங்கியிடம் தந்து பிரிட்டிஷ் பவுனாக மாற்றிக்கொள்வோர் பெருகவே, 1959-இல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டு அச்சிட்டனர். குவைத் 1961-இலும், பஹ்ரைன் 1965-இலும் சொந்தத் தீனார் கண்டன. 1966 ஜூன் 6-இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ஆயிற்று. எஞ்சிய அமீரகங்கள் ரூபாயை விட்டு விலகின. கடைத்தெருவில் அன்று வரை ரூபாயில்தான் பேரம். ஆயினும் பெட்டியில் வைத்த ரூபாய் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு இழந்ததைக் கண்டவர்கள் பேரத்துக்கும் அது வேண்டாம் என்றனர்.

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் நேர்மை என்றும் பொருள் இருப்பது வீணன்று. டாலருக்கும் ஊறு வருமாயின் அந்த வழியில்தான் வரும். 1979 நவம்பரில் ஈரானின் சொத்துகளை அமெரிக்கா முடக்கிற்று. 2022-இல் ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பை மேலை நாடுகள் முடக்கின. அத்தொகை ஏறத்தாழ 30,000 கோடி டாலர் மதிப்புடையது. அமானிதம் வைத்தவன் கேட்கும்போது கிடைக்காது என்றால் மற்றவர்கள் யோசிக்கவே செய்வர். உலக அரசுகளின் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 2000-ஐ ஒட்டிச் சுமார் 71 சதவீதம். 2024-இல் சுமார் 58. கால் நூற்றாண்டில் நேர்ந்த தேய்வு இது. ஒரு ஜூன் மாதத்தில் நேர்ந்ததன்று.

சபுராளிக் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றே கட்டப்பட்டிருக்கிறது. அமீரகத்துத் திர்ஹமும் 3.6725 என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. டாலர் இறங்கினால் இவ்விரண்டும் உடன் இறங்கும். பள்ளிவாசல் தாழ்வாரத்தில் டாலரின் வீழ்ச்சிக்கு மகிழ்ந்தவர்களுள் இருவரின் மக்கள் ரியாதிலும் ஷார்ஜாவிலும் சம்பளம் வாங்குகின்றனர். 2010-இல் ஒரு ரியாலுக்கு 12 ரூபாய் அளவில் கிடைத்தது. 2024-இல் 22 ரூபாயைக் கடந்தது. ரியால் ஏறிவிட்டது என்று வீடுகளில் மகிழ்ந்து பேசுகின்றனர். ரியால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இறங்கியது, அந்தப் பணத்தை மாற்றி வாங்கி அரிசியும் பருப்பும் வாங்குகிறோமே, அந்த ரூபாய்.