ஏறுவதை வண்டி பார்த்துக்கொள்ளும்

புது பிக்கப் வாங்கியவர்கள் கூடினால் பேச்சு எப்படியும் இழுவைத் திறனில் போய் நிற்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2021 மாடல் ஃபோர்ட் எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின், இரண்டு டர்போ, 400 குதிரைசக்தி, 500 பவுண்டு-அடி முறுக்குவிசை. சரியான பின்அச்சு கியரும் உபகரணங்களும் இருந்தால் 14,000 பவுண்டு வரை இழுக்கும் என்பது விளம்பரம். நாங்கள் வாங்கிய பயண டிரெய்லர் 25 அடி நீளம். காலியாக 5,300 பவுண்டு, எல்லாம் ஏற்றினாலும் 7,000-ஐத் தாண்டக் கூடாது. "பாதி பாரம்தான், பின்னால் இருப்பதே தெரியாது" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டென்வரை ஒட்டிய அரோராவில் எங்கள் தெருவிலேயே இருக்கும் அண்ணன். திருச்செங்கோட்டுக்காரர். அவருடைய அப்பா போர்வெல் ரிக் வண்டி ஓட்டி வட இந்தியாவரை போய்வந்தவர். அண்ணன் படித்தது கணினி என்றாலும் பாரம், பிரேக், இறக்கம் என்று பேச்சு வந்தால் அப்பாவின் குரல் வந்துவிடும். பழைய டீசல் பிக்கப்பில் பல வருடங்களாக டிரெய்லர் இழுக்கிறார். என் எஞ்சினைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டையோடு ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். "இதை வாசி அம்மிணி. மத்ததெல்லாம் அப்புறம்."

ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இந்த எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கும். எங்கள் வண்டிக்கு 1,560 பவுண்டு. ஒரே மாடலில் இரண்டு வண்டி வாங்கினாலும் இந்த எண் ஒன்றாக இருக்காது. மேற்கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரம், தோல் இருக்கை என்று ஒவ்வொரு சொகுசும் இதிலிருந்துதான் கழியும். டிரெய்லர் தன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை ஹிட்ச் பந்தின் மேல் வைக்கிறது. அதற்குப் பெயர் டங் வெயிட். எங்கள் டிரெய்லர் பயணத்துக்குத் தயாரான நிலையில் 6,400 பவுண்டு. பதின்மூன்று சதவீதம் என்றால் 832. ஹிட்ச் சாதனம் 80. நாங்கள் நால்வரும் சேர்ந்து 480. கூட்டிக் கழித்தால் மிச்சம் 168 பவுண்டு. விறகுக் கட்டு, ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி என்று பின்தட்டில் போட ஆரம்பித்தால் அது எந்த மூலைக்கு? பதினான்காயிரம் இழுக்கும் என்று சொன்ன வண்டி ஏழாயிரம் பவுண்டு டிரெய்லரிலேயே நிறைந்துவிட்டது.

விளம்பர எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது அளவுகோல் இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்து நீண்ட ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஆளுக்கு 150 பவுண்டில் இரண்டே பேர். குழந்தைகள் இல்லை, மாவு அரைத்து நிரப்பிய டப்பாக்கள் இல்லை, குக்கர் இல்லை.

அடுத்த பாடம் தராசு. ஐ-70 நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்பில் பெரிய லாரிகளை எடைபோடும் கேட் ஸ்கேல் மேடை உண்டு. கொஞ்சம் பணம் கட்டினால் நம் வண்டியும் ஏறலாம். முன்அச்சு, பின்அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனி எண் போட்டுச் சீட்டு வரும். பிக்கப்பைத் தனியாக ஒருமுறை, டிரெய்லரைச் சாதாரணமாக மாட்டி ஒருமுறை, எடைபகிர் ஹிட்ச்சின் கம்பிகளை இழுத்துப் போட்டு ஒருமுறை என்று ஏற்றச் சொன்னார். சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. டிரெய்லர் பின்னால் அழுத்தினால் பிக்கப்பின் முன்பக்கம் தூக்கும்; முன்அச்சின் எடை குறையும். ஸ்டியரிங்கும் பெரும்பகுதி பிரேக்கும் அந்த முன்சக்கரங்களை நம்பித்தான் இருக்கின்றன. எடைபகிர் ஹிட்ச்சின் கம்பிகள், பின்னால் விழுந்த பாரத்தில் ஒரு பகுதியை இந்தப் பக்கம் முன்அச்சுக்கும் அந்தப் பக்கம் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளிக் கொடுக்கின்றன. பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தச் சீட்டு இல்லாமல் இப்போது நம்பிக்கை வருவதில்லை.

டிரெய்லருக்குள் சாமான் அடுக்குவதற்கு அண்ணன் சொன்ன கணக்கு கட்டைவண்டிக் கணக்கு. "முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேல தூக்கிரும், மாடு பிடியில நிக்காது. கொஞ்சம் முன்பாரமாவே இருக்கணும்." டங் வெயிட் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நடப்பதும் அதுதான். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது கிளம்பும் காற்று தள்ளினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கக் கூடாது, பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டேஷ்போர்டில் உள்ள டிரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் கையால் அழுத்த வேண்டும். பின்னால் பிடித்தால் நேராகும். இதை வண்டி நிற்கும்போதே, பார்க்காமல் கை போகும்வரை செய்யவைத்தார்.

மாட்டுகிற வேலை மனப்பாடம்தான், நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹிட்ச் பந்தின் மேல் டிரெய்லர் முனையிலுள்ள கப்ளர் உட்கார்ந்து பூட்டியபின் ஜாக்கை எதிர்த்திசையில் சுற்றி, பிக்கப்பின் பின்பக்கம் கூடவே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கீழே குறுக்காகப் போக வேண்டும். கப்ளர் கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும். டிரெய்லர் தனியாகக் கழன்று போனால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் பிரேக்அவே கேபிளைச் சங்கிலியில் மாட்டக் கூடாது, வண்டியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் சக்கரத்துக்குக் கட்டை.

டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று கண்ட்ரோலரில் அளவு வைக்கக் காலியான நேர்சாலை வேண்டும். மணிக்கு 20, 25 மைலில் போய், நெம்புகோலை முழுதாக அழுத்தினால் டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாய்க்கு வர வேண்டும்; பூட்டினால் அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பாரம் மாறினால் இந்த அளவும் மாறும்.

பின்னால் எடுப்பதைக் காலியான வாகன நிறுத்துமிடத்தில் பழகினேன். 2016 மாடலிலிருந்தே எஃப்-150-இல் இதற்கு ஒரு குமிழ் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் வண்டியே ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு டிரெய்லரை அந்தப் பக்கம் கொண்டுபோகும். அண்ணனுக்கு அதில் மதிப்பில்லை. "கேமரா மேல சேறு அடிச்சுதுன்னா என்ன பண்ணுவே?" என்றார். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வைத்துக்கொள், டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் தள்ளு, அவ்வளவுதான் சூத்திரம். சூத்திரம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். கொஞ்சமாகத் தள்ளிவிட்டுக் காத்திருக்கிற பொறுமை வருவதற்குத்தான் பல சனிக்கிழமைகள் போயின. கோணம் மடங்கிக்கொண்டே போனால் முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை. எனக்கென்னவோ அந்தக் குமிழ் நல்ல கண்டுபிடிப்பு என்றுதான் இன்றும் தோன்றுகிறது. அவரிடம் சொல்வதில்லை.

இவ்வளவும் ஆனபிறகுதான் மலைக்குப் போக அனுமதி கிடைத்தது. டென்வர் 5,280 அடி. மேற்கே ஐ-70-இல் அறுபது மைல் போனால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை, 11,000 அடிக்கு மேல். ஜார்ஜ்டவுனைத் தாண்டியதும் சாலை நெட்டுக்குத்தாக எழும்.

டர்போவின் மகிமை அங்கேதான். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று சதவீத சக்தியை இழக்கும். சுரங்கப்பாதை வாசலில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போவோ இன்னும் வேகமாகச் சுழன்று மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே கொடுத்துவிடுகிறது. 5.0 லிட்டர் வி8 எஞ்சினின் 410 பவுண்டு-அடி உச்சம் 4,250 சுற்றில்; எங்கள் எஞ்சினின் 500 கிடைப்பது 3,100 சுற்றிலேயே. வலதுபக்கத் தடத்தில் சிலர் எஞ்சின் அலற ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் சத்தமில்லாமல் போனோம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சும்மா வருவதில்லை அந்தச் சுகம். அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கப் பார்க்கும். கொலராடோ பங்குகளில் 'ரெகுலர்' என்று விற்பது 85 ஆக்டேன். உயரமான ஊர்களில் காற்று மெலிவதால் பழைய எஞ்சின்களுக்கு அது போதுமாயிருந்தது. காற்றை அழுத்திக் கொடுக்கும் எஞ்சினுக்கு அந்த நியாயமே பொருந்தாது. பாரம் இழுக்கும்போது பிரீமியம் போடச் சொல்லித் தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. எங்கள் பக்கம் அது 91. விலைப்பலகையைப் பார்த்துக் கணவர் முகம் சுளிப்பார். டிரெய்லர் இல்லாமல் நெடுஞ்சாலையில் கேலனுக்கு இருபது மைல் கொடுத்த வண்டி, டிரெய்லரோடு ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. சமதளத்தில் பெட்ரோலைத் தின்பது எடையைவிட அந்தச் சுவர் போன்ற முன்பக்கம்தான். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். 70-இல் போகும் ஆசையை 62-இல் நிறுத்தினால் பணப்பை அதை உணரும். டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு வேக வரம்பே 65 என்பது வேறு விஷயம்.

சுரங்கத்தைத் தாண்டினால் சில்வர்தோர்ன் வரை எட்டு மைல் போல இறக்கம், சரிவு ஏழு சதவீதம் வரை. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று ஓரத்தில் சரளை கொட்டிய மேட்டுப்பாதைகள் இருக்கின்றன. பக்கத்து இருக்கையில் அண்ணன். சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைக்கச் சொன்னார். "ஏறுறத வண்டி பாத்துக்கும் அம்மிணி. எறங்குறது உன் வேலை."

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிய அவருடைய அப்பாவுக்கு ஒரு விதி இருந்தது: ஏறின கியரிலேயே இறங்கு. அந்தக் கால எஞ்சின்களுக்கு அது சரி. ஏறத் திணறி இரண்டாம் கியருக்கு வந்த லாரியை, இறங்கும்போது அதே இரண்டாம் கியர் பிடித்து நிறுத்தும். டர்போ வண்டியில் இந்த விதி கவிழ்த்துவிடும் என்பது அண்ணனின் சொந்தக் கண்டுபிடிப்பு. பத்து கியர் வண்டி இது. ஆறாம் கியரில் அலுங்காமல் ஏறியிருந்தோம். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் டர்போ வேலை செய்யாது. ஏறும்போது பெரிய எஞ்சினாக இருந்தது, இறங்கும்போது வெறும் 3.5 லிட்டர். ஏழாயிரம் பவுண்டுக்கு அருகில் பின்னால் தள்ளும்போது ஆறாம் கியரில் அது பிடிக்காது. புது டீசல் பிக்கப்களில் இதற்கென்றே எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, நமக்கு இல்லை. ஆகவே ஏறியதைவிட இரண்டு கியர் கீழே.

பாரம் இழுப்பதற்கென்று வண்டியில் உள்ள டோ-ஹால் பயன்முறை தானாகவும் கியரைக் குறைக்கும், ஆனால் வேகம் கூடியபிறகு. நான் கையால் நான்குக்குக் கொண்டுவந்தேன். டாக்கோமீட்டர் முள் சரசரவென்று ஏறியது. அதுவரை அந்த வண்டியில் கேட்டிராத இரைச்சல். கணவர் பின்னிருக்கையிலிருந்து என்ன ஆச்சு என்றார். "எஞ்சின் கத்துனா கத்தட்டும். சிவப்புக் கோட்டைத் தொடாம இருந்தாப் போதும். பிரேக்தான் கத்தக் கூடாது" என்றார் அண்ணன். பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கினால் அது ஆறவே வழியில்லாமல் சூடேறிப் பிடிமானம் போய்விடும். வேகம் 50-ஐத் தொட்டால் நன்றாக மிதித்து 40-க்குக் கொண்டுவந்து முழுதாக விட வேண்டும். மறுபடி 50 வரும்வரை காலை வைக்கக் கூடாது. பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து கடந்து போனார்கள். கண்ணாடியில் அவர்களைப் பார்க்காதே என்பதும் பாடத்தில் சேர்த்தி.

சில்வர்தோர்னில் இறங்கி நிறுத்தியதும் அண்ணன் பையிலிருந்து அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் காட்டினார். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம்: நான்கு டிரெய்லர் சக்கரத்தில் ஒன்று மட்டும் தனியாகச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ சிக்கியிருக்கிறது. நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டின. அடுத்த வாரம் நானும் அந்த வெப்பமானி ஒன்று வாங்கினேன்.

இந்தக் கோடையில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். பின்தட்டில் போட்டால் 168 பவுண்டில் கைவைக்கும். டிரெய்லரின் பின் பம்பரில் ரேக் போட்டுத் தொங்கவிட்டால் பின்பாரம். டங் வெயிட் குறையும். டிரெய்லருக்குள், அச்சுக்கு நேர் மேலே, சாப்பாட்டு மேசையை மடக்கிவிட்டு அங்கே படுக்கவைத்துக் கட்டுவதாக முடிவு. கிளம்பும் வழியில் மறுபடி தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.