18ஆம் தேதி, ஆடிட்டர் ஆபீஸ்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். தேதி 18. இருபதாம் தேதிக்குள் மாதக் கணக்கான ஜிஎஸ்டி 3பி போட்டாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், நிலுவை வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் கூட்டம். வாசலோரப் பெஞ்சில் நுனி இடம் கிடைத்தது. கொண்டுவந்த ஃபைலைக் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

எதிரே இரண்டு மேஜைகள். ஒன்றில் ஒரு பெண். பி.காம். முடித்து இங்கே சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அடுத்ததில் புதிதாகச் சேர்ந்த பையன், தோளில் மாட்டி வந்த கல்லூரிப் பை நாற்காலியில் தொங்குகிறது. இருவர் முன்னாலும் கணக்கு மென்பொருளான டேலி திறந்திருக்கிறது. என்ட்ரி போடும் வேகத்தில் பையன் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். கண்தான் வேறு. பில் கைக்கு வந்ததும் அவன் பார்வை நேரே தொகைக்குப் போகிறது. அவள் பார்வை மேலிருந்து இறங்குகிறது: யார் பெயருக்குப் போட்ட பில், என்ன தேதி, ஜிஎஸ்டி எண் என்ன. பதினைந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. பெங்களூரிலிருந்து வந்த பில்லை அவன் மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதியாகப் பிரித்து ஏற்றிவிட்டான். "தம்பி, 29ல ஆரம்பிக்குது பாரு. கர்நாடகா, வெளிமாநிலம். ஐஜிஎஸ்டி போடணும்." சத்தம் போடாமல் சொன்னாள். அவனும் முகம் சுருங்காமல் திருத்தினான்.

நான் பார்த்தவற்றில் மிக முக்கியமானது ஒரு போன் பேச்சு.

14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் டூ-பி என்ற பட்டியல் வந்துவிடும். சரக்கு விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் காட்டிய பில்தான் அதில் ஏறும். ஏறாத பில்லுக்கு, வாங்கியவர் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு கடைக்காரரின் பில் ஒன்று ஏறவில்லை. விற்றவரிடம் கேட்கச் சொல்லிப் பையனிடம் கொடுத்தார்கள். அவன் நம்பரைப் பார்த்தான். தண்ணீர் குடித்தான். வாட்ஸ்அப்பில் ஏதோ தட்டி அழித்தான். கடைசியில் அழைத்து, "சார், உங்க பில் வரலைங்க சார்" என்றான். மறுமுனையில் எழுந்த சத்தம் பெஞ்சுவரை கேட்டது. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டான்.

சற்றுப் பொறுத்து அவள் அதே நம்பருக்குப் போட்டாள். "வணக்கங்கண்ணா, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசறனுங்க. பில் நம்பர் 145, போன மாசம் 12ஆம் தேதி, வரி மட்டும் 6,300 ரூபாய். உங்க ஜிஎஸ்டிஆர்-1ல வேற யார் நம்பர்லயாச்சும் ஏறியிருக்குதான்னு பாத்துச் சொல்றீங்களா? லைன்லயே இருக்கறனுங்க." இருந்தாள். அந்த நேரத்தில் வேறு எதையும் தொடவில்லை. வேறொரு கடையின் எண்ணில் ஏறியிருந்தது தெரிந்ததும், அடுத்த மாதம் திருத்துவதாக அவரிடமே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கினாள். அப்புறம் கடைக்காரரை அழைத்து, இந்த மாதம் 6,300 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவளே சொன்னாள். இனிக்காத சேதிதான். ஆனாலும் தள்ளிப்போடாமல் சொன்னாள்.

கல்லூரியில் இருப்பாய்வுக் கணக்கு போடும்போது எல்லா எண்களும் கேள்வித்தாளிலேயே இருக்கும். இங்கே எண் ஒருவரிடம் இருக்கிறது; அவர் கோபக்காரராகவோ, மறதிக்காரராகவோ, கல்லாவில் கூட்டம் நிற்கிறவராகவோ இருக்கிறார். அவரிடமிருந்து அதை வாங்கி வருவதுதான் பாதி வேலை. முதல் வகுப்பில் தேறிய எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறி, தங்களுக்கு மூளையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் குற்றமே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈஸ்வரன் கோயில் வீதி ஜவுளி வியாபாரி ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே பில், ரசீது, டீக்கறை படிந்த துண்டுச்சீட்டு. அவள் கொட்டிப் பிரித்தாள். ஒரு வவுச்சரில் கை நின்றது. குடோனுக்குப் பெயின்ட் அடித்த கூலி, 24,000 ரூபாய், ரொக்கம்.

"ஒரே நாள்ல கொடுத்தீங்களாண்ணா?"

"ஆமா அம்மிணி. வேலை முடிஞ்சுது, கொடுத்துட்டேன்."

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். அதை அவள் விளக்கினாள். அவர் சிரித்தார். "அதுக்கென்ன, மூணு தேதியாப் பிரிச்சுப் போட்டுரு."

பையன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"அப்படிப் போட முடியாதுங்கண்ணா. நடந்ததத்தான எழுத முடியும்? இனிமே பேங்க்லயே அனுப்பிருங்க, உங்களுக்குப் பூராவும் செலவுல வரும்." குரல் ஏறவில்லை. சொல்லும் இளகவில்லை. அவர் ஒருமுறை உள்ளறைக் கதவைப் பார்த்தார்; பிறகு, "சரி, நீ சொன்னாச் சரி" என்றார். இன்னொரு கடையின் பெயரைச் சொல்லி விற்பனை எவ்வளவு என்று மெல்ல விசாரித்தார். "அதெல்லாம் நான் சொல்லக்கூடாதுங்க" என்று பையை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

மதியம் தாண்டியது. பையனின் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் 1,800 ரூபாய் உதைத்தது. மூலையில் இருந்த வயதான கணக்குப்பிள்ளையிடம் எழுந்து போனான். "எங்க தப்புன்னு புடிபடலைங்கய்யா, சொல்லித் தாங்க." அவர் பேப்பரைக்கூட வாங்கவில்லை. "ஒம்போதால வகுபடுதா?" வகுபட்டது. "அப்ப எங்கியாச்சும் ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். ஆயிரத்துலயும் நூத்துலயும் ரெண்டு வித்தியாசம் இருக்கற நம்பராப் பாரு." பையன் ஸ்டேட்மென்டில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். வங்கியில் 7,520. டேலியில் 5,720. எண்ணைத் திருத்தியதும் நேராக நின்றது.

அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. காலையில் போனுக்குப் பயந்தவன் மாலைக்குள் "தெரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான். இனி அவன் தேறிவிடுவான்.

பி.காம். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டில் ஒரு தேர்வையாவது கேள்வித்தாள் இல்லாமல் நடத்துங்கள். ஒரு கடையின் ஒரு மாதப் பில்களை அப்படியே கலைத்துக் கொடுங்கள். அதில் இரண்டை மட்டும் எடுத்து யாரிடமாவது கொடுத்து வையுங்கள். எது குறைகிறது, யாரிடம் இருக்கிறது என்று மாணவர்களே விசாரித்துப் போய் வாங்கி வரட்டும். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.