கோமுகத்துக்கு நான்கு கிலோமீட்டர்

கங்கோத்ரி ஆலயத்தில் கங்கா மாதாவை தரிசிப்பவர்களுக்கு அடுத்து எழும் ஆவல், அவள் பனிப்பாறையிலிருந்து வெளிப்படும் கோமுகத்தையும் கண்டுவிட வேண்டும் என்பதே. ஆலயத்திலிருந்து 18 கி.மீ. தூரம். வாகனம் செல்லாது, நடந்தே செல்ல வேண்டும். பாதை 1989-ல் அமைக்கப்பட்ட கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் செல்வதால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு அவசியம். நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி.

ஆலயம் அட்சய திருதியையில் திறந்து, தீபாவளிக்கு மறுநாள் நடை சாத்தப்படுகிறது. அதன்பின் அன்னை முக்பா கிராமத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறாள். நடைப்பயணத்துக்கு மே, ஜூன் மாதங்களும், செப்டம்பர் பிற்பகுதியும் உகந்தவை. மழைக்காலத்தை அறவே தவிர்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 5 அன்று, கங்கோத்ரி செல்லும் வழியிலுள்ள தராலி கிராமத்தைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டதை நாம் மறக்கலாகாது.

அறுபதைக் கடந்த நானும் என் மனைவியும் ஆறு மாதங்கள் தினமும் நடந்து பழகினோம். மருத்துவரின் யோசனையையும் பெற்றோம். "இருவரில் எவருக்கு உடல் நலம் குன்றினாலும், இருவருமே திரும்பிவிட வேண்டும்" என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டோம்.

எல்லாம் சரியாகவே திட்டமிட்ட நான், ஒரு கணக்கில் தவறினேன். கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஒரு நாளேனும் தங்கி, குறைந்த பிராண வாயுவுக்கு உடலைப் பழக்க வேண்டும். ரயில் பயணச்சீட்டின் தேதியை எண்ணி அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தினேன். வங்கியில் பல்லாண்டு கணக்குப் பார்த்தவனின் புத்தி அது!

மறுநாள் விடியற்காலையே புறப்பட்டோம். ஒன்பதாவது கிலோமீட்டரில் பைன் மரங்கள் நிறைந்த சீர்பாசா. அதற்கு அப்பால் மலைச்சரிவிலிருந்து கற்கள் உருளும் பகுதியை, வழிகாட்டியின் சொற்படி நிற்காமல் கடந்தோம். பதினான்காவது கிலோமீட்டரில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா. முன்னோர் ஏடாகப் பயன்படுத்திய பூர்ஜ மரங்களால் அமைந்த பெயர். விறகுக்காக வெட்டப்பட்டு அருகிவிட்ட அம்மரங்களை, மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் அங்கே மீண்டும் நட்டு வளர்த்தார். யாத்ரீகர்கள் அங்கே குளிர்காய நெருப்பு கேட்பதும், குப்பையை விட்டு வருவதும் தகாது.

அன்றிரவு என் மனைவிக்குத் தலைவலி, உண்டதெல்லாம் வாந்தி. விடிந்தும் குறையவில்லை. வெளியே பாகீரதி சிகரங்கள் பொன்னாய் ஒளிர்ந்தன. கோமுகத்துக்கு இன்னும் நான்கே கிலோமீட்டர்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம். நீங்க மட்டுமாவது போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள்.

ஒரு கணம் மனம் சபலப்பட்டது உண்மை. ஆனால், உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதே. அந்நிலையில் அவளைத் தனியே விடலாகாது. வழிகாட்டியின் கைத்தாங்கலோடு இறங்கினோம். சீர்பாசாவை நெருங்கியதும் தலைவலி தணிந்து, அவளே தேநீர் கேட்டாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

மறுநாள் கங்கோத்ரி படித்துறையில் செப்புச் சொம்பில் நீர் முகந்தபோது, "என்னால்தானே உங்களுக்கு அந்த தரிசனம் கிடைக்கலை" என்று கண் கலங்கினாள். "உன்னால் இல்லை. நான் மிச்சம் பிடித்த ஒரு நாளால்" என்றேன். பின்பு அவளே சொன்னாள்: "பகீரதன் கேட்டதும் அவளே இறங்கி வந்தவள்தானே? நமக்காகவும் இங்கே வந்திருக்கா."

அந்தச் சொம்பு நீர், பின்னர் ராமேஸ்வரத்தில் ராமநாத சுவாமியின் அபிஷேகத்துக்குச் சேர்ந்தது. சந்நிதியில் நாங்கள் இருவரும் சேர்ந்தே நின்றோம்.

கோமுகம் செல்லத் திட்டமிடும் அன்பர்கள் கம்பளி, மருந்து, அனுமதிச் சீட்டு ஆகியவற்றோடு கங்கோத்ரியில் தங்க ஒரு நாளையும், தேவையானால் திரும்பிவிடும் மன உறுதியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். கங்கா மாதா அருள்வாள்.