கடை, காலேஜ், ஆப்ஜெக்ட்

பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவா எதுக்குன்னு கேட்காதீங்க. கடலூர்ல இருந்து சிதம்பரம் போற ரயில்ல பொழுது போகணுமே :-)

ஆப்ஜெக்ட்களுக்கு நடுவுல இருக்கிற உறவுகள்ல என்னை ரொம்பக் குழப்பினது அக்ரிகேஷனும் காம்போசிஷனும்தான். ரெண்டுலயும் ஒரு முழுசு இருக்கும், அதுக்குப் பாகங்கள் இருக்கும். அப்போ என்ன வித்தியாசம்? ஒரே கேள்விதான்: முழுசு போனா பாகம் பிழைக்குமா?

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். கடலூர் பெரியார் கலைக் கல்லூரி முன்னாடி வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருந்தது. இப்போ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட. பல்கலைக்கழகம் மாறிச்சு, கல்லூரி அதே இடத்துலதான் இருக்கு. இது அக்ரிகேஷன். கோடுல சொன்னா, பாகம் வெளியிலயே உருவாகி, அப்புறம் முழுசுகிட்ட வந்து சேருது.

ஆனா பல்கலைக்கழகத்தோட சிண்டிகேட்டை எடுத்துக்குங்க. பல்கலைக்கழகம் இல்லைன்னா அதுவும் இல்லை. இது காம்போசிஷன். பாகத்தை முழுசே தன்னோட கன்ஸ்ட்ரக்டருக்குள்ள உருவாக்கி வச்சுக்கும்.

அசோசியேஷன் இதைவிட எளிமை. யாரும் யாருக்கும் பாகம் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அவ்வளவுதான்.

இதை நோட்டுல எழுதிப் பார்க்க எங்க வீட்டுக் கடையை எடுத்தேன். முதுநகர்ல அப்பாவும் பெரியப்பாவும் பங்குதாரரா நடத்தின ஹார்டுவேர் கடை. முதல்ல காம்போசிஷன்னு வரைஞ்சேன். அப்புறம் அடிச்சுட்டேன். கடை போன வருஷம் கலைஞ்சு போச்சு. கணக்கு முடிச்சு, பங்கு பிரிச்சாச்சு. ஆனா ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க? அப்போ அக்ரிகேஷன்.

அதுக்கப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. அவங்க அண்ணன் தம்பிங்கிறது கடைக்குள்ள உருவான உறவு இல்லை. கடைக்கு முன்னாடியே இருந்தது. கடை கலைஞ்சா அதுவும் ஏன் கலையணும்? ஆனா கடை பிரிஞ்சதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நானும் பெரியப்பா வீட்டுப் பக்கம் போகலை.

ஜாவாவுல, புரோகிராம்ல எங்க இருந்தும் எட்ட முடியாத ஆப்ஜெக்டை கார்பேஜ் கலெக்டர் துடைச்சுடலாம். எட்டுறதுக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தா போதும், அதைத் தொடாது.

சாயங்காலம் சிதம்பரம் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருந்தப்போ பெரியப்பாவுக்கு போன் பண்ணேன். "ஏன்டா, இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"ன்னு கேட்டார். ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கார்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.