மூன்று மில்லிமீட்டர்

வார இறுதியில் என்ன செய்தாய் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், “ஒரு காரின் கூரையை வெட்டினேன்” என்று சொல்வேன். கேட்டவரின் முகம் மாறுவதைக் கொஞ்சம் ரசித்துவிட்டுத்தான் விளக்கம் கொடுப்பேன். கார் என் கையளவுதான். பிளாஸ்டிக். வெட்டியெடுத்த பகுதியின் உயரம் 3 மில்லிமீட்டர்.

நான் கட்டுவது ‘ஹாட் ராட்’ வகை மாதிரிக் கார்கள். பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள் மரக்கிளையில் காய்த்தது போலப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக நறுக்கி, ராவி, சாயமடித்து, ஒட்ட வேண்டும். பெரும்பாலானவை 1/25 அளவு. அதாவது நிஜக் காரில் 25 சென்டிமீட்டர் இருப்பது இங்கே 1 சென்டிமீட்டர். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 106 அங்குலம். என் மேசையில் அது 11 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

ஏன் 1932? அந்த ஆண்டில்தான் ஹென்றி ஃபோர்டு சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் ‘வி-8’ இயந்திரம் பொருத்திய காரைக் கொண்டு வந்தார். கொள்ளளவு 221 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 3.6 லிட்டர். சக்தி 65 குதிரைத்திறன். இன்றைக்கு அது பெரிய எண் இல்லை. ஆனால் அன்று எட்டு சிலிண்டர் என்பது பெரும்பாலும் பணக்காரர்களின் காரில் இருந்தது. சில ஆண்டுகளில் அந்த ஃபோர்டுகள் பழைய கார்களாகிக் குறைந்த விலைக்கு வந்தன. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் அவற்றை வாங்கினார்கள்.

வாங்கியதும் அவர்கள் முதலில் செய்தது கழற்றுவதுதான். மட்கார்டு, பம்பர், சில நேரம் பானெட் என்று ஓடுவதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் எடுத்தார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும். அதற்குக் காசும் தேவையில்லை. கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டியெடுத்து, கூரையைத் தாழ்த்தி மறுபடி பற்றவைத்தார்கள். காற்றுத் தடை குறையும் என்பது காரணம். இதற்கு ‘சாப்’ என்று பெயர். காரின் உடலை அடிச்சட்டத்தின் மேல் உட்கார வைக்காமல், சட்டத்தைச் சுற்றிக் கீழே இறக்கிப் பொருத்துவது ‘சேனல்’. மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இந்தக் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். 1937ல் சில மன்றங்கள் ஒன்றுசேர்ந்து, வேகத்தை முறையாக அளக்க ஒரு சங்கமே அமைத்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளையர்களில் பலர் ராணுவத்தில் இயந்திர வேலை கற்றிருந்தார்கள். 1948ல் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் தொடங்கியது. ஆனாலும் ஊர் அவர்களை நல்ல பிள்ளைகளாகப் பார்க்கவில்லை. கையில் எண்ணெய்க்கறை, வீதியில் பந்தயம், காதைக் கிழிக்கும் சத்தம் என்று அவர்களுக்குக் கெட்ட பெயர்தான். பந்தயத்தைத் தெருவிலிருந்து தடத்துக்குக் கொண்டு போய், ஒழுங்கும் பாதுகாப்பும் ஏற்படுத்தும் நோக்கத்தோடு 1951ல் தேசிய அளவில் ஓர் அமைப்பு உருவானது.

மாதிரிக் கார்களின் கதை இதற்குப் பின்னாலேயே வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஏஎம்டி நிறுவனம் 1958ல் ‘ஒன்றில் மூன்று’ வகைக் கிட்களை வெளியிட்டது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டுவதற்கான பாகங்கள்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். 1960களில் எட் ராத் என்ற கார் வடிவமைப்பாளரின் விசித்திரமான கார்களை ரெவெல் நிறுவனம் கிட்டாக்கி விற்றது. அப்புறம் 1973ல் ஜார்ஜ் லூக்கஸ் இயக்கிய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஒரு மஞ்சள் நிற 1932 ஃபோர்டு வந்தது. கூரை தாழ்த்திய அந்தக் காரைப் பார்த்து இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்கா. சிங்கப்பூரில் இருப்பவளுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

ஹாட் ராட் பிறக்க இரண்டு பொருள் வேண்டும்: மலிவான பழைய கார், அதைக் கைவைத்துப் பார்க்கும் சுதந்திரம். நம் ஊரில் இரண்டும் இல்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே 150,001 வெள்ளிக்குப் போனது. அது காரின் விலை இல்லை, பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை. பத்தாண்டு முடிந்தால், மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்காத கார் சாலையை விட்டுப் போக வேண்டியதுதான். இங்கே பெரும்பாலான கார்களுக்குப் பழசாகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. வாகனத்தில் எதை மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்து வைத்திருக்கிறது. நெரிசலான தீவுக்கு அது சரிதான், எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு காரைத் தன் விருப்பப்படி மாற்றிப் பார்க்கும் ஆசைக்கு இங்கே மீதமிருக்கும் இடம், சமையலறைச் சன்னலோரம் இருக்கும் ஒரு மடக்கு மேசைதான்.

மூன்று அங்குல ‘சாப்’ என்பது 1/25 அளவில் ஏறக்குறைய சரியாக 3 மில்லிமீட்டர். 1932 ஃபோர்டின் கூரைத் தூண்கள் கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்பதால் புதியவர்களும் துணிந்து வெட்டலாம். பிற்காலக் கார்களில் தூண்கள் சாய்ந்திருக்கும், கூரையை இறக்கினால் ஒன்றோடொன்று சேராது. முதலில் எல்லாத் தூண்களையும் சுற்றி ஒட்டுநாடாவை ஒரே உயரத்தில் ஒட்ட வேண்டும். நாடாவின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு, கீழ் விளிம்பில் ஒரு வெட்டு. மெல்லிய ரம்பம் போதும், அவசரம் ஆகாது. ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் திரவம் பசை இல்லை. அது பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து, இரு துண்டையும் ஒன்றாக்குகிறது. இடுக்கில் ஒரு சொட்டுத் தொட்டால் தானாக உள்ளே ஓடும். காய்ந்த பிறகு புட்டி பூசி, 400, 600, 1000 என்று தாளை மாற்றி மாற்றித் தண்ணீரில் தேய்க்க வேண்டும். சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்தால் தெரிந்துவிடும், தேய்த்தது போதுமா என்று. பெரும்பாலும் போதாது.

சாயமடிக்க நம் வானிலையைப் படித்திருக்க வேண்டும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். லேக்கர் சாயம் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படியும். பளபளக்க வேண்டிய கறுப்பு, பால் ஊற்றினாற்போல் வெளுத்துப் போகும். அதனால் நான் பிற்பகல் இரண்டு மணிக்காரி. பழைய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, முகக்கவசம் போட்டு, சன்னலைத் திறந்து, மெல்லிய பூச்சுகளாக அடிப்பேன். அதற்கு முன் அக்கம்பக்கத்து மூங்கில் கழிகளில் துணி காய்கிறதா என்று எட்டிப் பார்ப்பது கட்டாயம்.

என் அப்பாவுக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

சின் மிங் வட்டாரப் பட்டறைகளில் நாற்பது ஆண்டு கார் பழுதுபார்த்தவர் அவர். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தூளைக் கையில் கொட்டித் தேய்ப்பார். அப்படியும் நக இடுக்கில் கறுப்பு போகாது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பிட்டு முடிந்ததும் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பட்டறைப் பக்கம் என்னை வரவிட்டதே இல்லை. “நீ படிம்மா, இந்தக் கறுப்பு என்னோட போகட்டும்” என்பார். நான் படித்தேன். கணக்காய்வாளர் ஆனேன். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் வேலை. என் கையில் பேனா மை கூட ஒட்டாது.

அதனால், வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக் காருக்குக் கொடுத்து, விரலில் சாயத்தோடு நான் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

“இந்தக் கைவேலையெல்லாம் வேண்டாம்னுதான் உன்னைப் படிக்க வச்சேன்.”

“அதான் படிச்சிட்டேனே அப்பா.”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று கிண்ணத்தில் வைத்திருந்த இயந்திரத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பார்த்தார். சுண்டுவிரல் நீளமுள்ள வி-8.

“பிளக் ஒயர் எங்க?”

பெட்டியில் அது வருவதில்லை என்றேன். ஒயர் இல்லாமல் காடி எப்படி ஓடும் என்றார். இது ஓடாதே அப்பா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிஜத்தில் அந்த ஒயர் 7 மில்லிமீட்டர் தடிமன், 25ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டருக்குள். சிம் லிம் டவரில் அந்தத் தடிமனில் கம்பி வாங்கி வந்தேன். விரலால் சுழற்றும் சிறு துளைப்பானால் எட்டுத் துளை போட்டேன். எதை எதோடு சேர்ப்பது?

“நம்ம நாலு சிலிண்டர் காடிக்கெல்லாம் 1-3-4-2. இதுக்கு என்னன்னு பாரு.”

தேடி வாசித்தேன்: 1-5-4-8-6-3-7-2. வலப்பக்கம் முன்னாலிருந்து பின்னால் 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளின் நான்கு விரல்களையும் மேசைமேல் விரித்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் ஒரு முறை தட்டினார். பிறகு சொன்னார்: “முதல்ல முன்னால ரெண்டு, அப்புறம் பின்னால ரெண்டு, கடைசியா நடுவுல இருக்கிற நாலு. ஒரே இடத்துல சேர்ந்தாப்புல வெடிச்சா காடி ஆடும்மா. பிரிச்சுப் பிரிச்சு வெடிக்கணும்.”

வாழ்க்கையில் ஒருமுறைகூட அவர் தொட்டிராத ஓர் இயந்திரம் அது. எண்களைக் கேட்டதுமே உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஆனால் அந்த எட்டு எண்களை நான் வெறும் எண்களாகத்தான் வாசித்தேன்.

நம் வீடுகளில் இந்த அறிவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? ‘கைவேலை’ என்கிறோம். பிள்ளைகளைத் தப்பிக்க வைக்க வேண்டிய ஒன்றாகவே அதை நினைத்தோம். அதில் அன்பு இருந்தது, மறுக்கவில்லை. எரியும் வெயிலில் காருக்கடியில் படுத்துக் கிடந்தவருக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் அந்த வேலையோடு சேர்த்து அந்த அறிவையும் வாசலிலேயே நிறுத்திவிட்டோம். 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். மின்சாரக் காருக்கு வெடிப்பு வரிசை கிடையாது. 1-3-4-2 என்று சொன்னால் தலையாட்டுகிறவர்கள் மெல்ல மெல்லக் குறைவார்கள். அப்பாவிடம் கேட்க எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பதே இப்போதைக்கு என் நிம்மதி.

ஒயர் போட்டு முடித்ததும் அவர் இன்னொரு குறை கண்டுபிடித்தார். இயந்திரம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். “எண்ணெய் கசியாத பழைய எஞ்சின் எங்கேயாவது உண்டா?” பல்குத்தும் குச்சியின் நுனியில் கறுப்பும் பழுப்பும் கலந்து தொட்டு, இயந்திரமும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். கை லேசாக நடுங்கியது. கசிவுக்கு அந்த நடுக்கம் பொருத்தமாகவே இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் அதே 1932 ஃபோர்டில் இரண்டு பெட்டிகள். இரண்டாவது அப்பாவுக்கு. என்னுடையது கூரை தாழ்த்தியது, மட்கார்டு இல்லாதது. அவர் தம்முடையதில் ஒரு திருகைக்கூட மாற்றவிடவில்லை. தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். “இது பக்கத்துல இருந்தாத்தானே நீ என்ன வெட்டினேன்னு தெரியும்” என்றார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, ஒன்று ஏன் உயரம் குறைவு என்று கேட்கிறார்கள். பதில் சொல்வது இப்போதெல்லாம் அப்பாதான். சொல்லும்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி காட்டுகிறார்.