ஆச்சியின் கோழியும் என் கல்வியும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் காவியங்களைப் பற்றியும் பெரியோர் வரலாறுகளைப் பற்றியும் எழுதுவாரிடையே, வீட்டுப் புறக்கடையில் குப்பை கிளறும் கோழியைப் பற்றி எழுதப் புகுந்த என்னைக் கண்டு அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பினும் அமையும். யான் இங்கே விலங்கியல் பயின்ற மூன்றாண்டுகளில் ஏட்டினின்று கற்றவற்றுட் பலவற்றை இன்று மறந்துவிட்டேன். ஆனால் ஒரு கோழியின் உயிரைப் போக்கியும், மற்றொன்று பிழைக்கத் துணை நின்றும் யான் கற்ற சிறு பாடம் என் கைவிரல்களை விட்டு இன்னும் நீங்கவில்லை. அதனை ஈண்டு எழுதுவது கோழி வளர்ப்பார்க்குப் பயன்படும். மாணாக்கர்க்கும் ஒருவாறு பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூர். என் இளமையிலேயே தந்தையார் காலஞ்சென்றமையால், அன்னையார் பீடி சுற்றியும், தந்தையைப் பெற்ற ஆச்சி கோழி வளர்த்தும் குடும்பத்தை நடத்தி வந்தனர். ஆச்சியிடம் எக்காலத்தும் பத்துப் பன்னிரண்டு பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கும். முட்டை விற்ற பணத்தை அடுக்களையிலுள்ள ஒரு பழைய தகர டப்பாவில் இட்டு வைப்பார். பருவந்தோறும் என் தேர்வுக் கட்டணம் அந்த டப்பாவினின்றே வந்தது. ஆதலின் எங்கள் வீட்டில் ஒரு கோழி உறங்கி விழுந்தால், அதனை ஒரு பறவையின் நோயாக மட்டும் ஒருவரும் கருதுவதில்லை.

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய இரையை அது மெல்லாது விழுங்குகிறது. விழுங்கிய இரை நேரே வயிற்றை அடைவதில்லை. உணவுக்குழல் கழுத்தின் அடியில், மார்பின் முன்புறத்தே சற்று வலப்பக்கமாக, ஒரு பைபோல் விரிந்திருக்கிறது. அதனையே ஊரார் இரைப்பை என்பர். நூலோர் தீனிப்பை என்பர். இரை அங்கே தங்கி, நீரில் ஊறி மென்மையடைந்து, சிறிது சிறிதாகக் கீழிறங்கிச் செரிநீர் சுரக்கும் வயிற்றையும், அதன்பின் கற்களைக் கொண்டு அரைக்கும் அரைவைப்பையையும் சேர்கிறது. மாலையில் வயிறார மேய்ந்து கூடு அடையும் கோழி, இரவு முழுதும் இப்பையிலுள்ளதையே செலவிட்டு வாழ்கிறது. ஆகையால் நலமுள்ள கோழியின் இரைப்பை மாலையில் நிறைந்தும், வைகறையில் வற்றியும் இருத்தல் இயல்பு. இவ்வளவும் யான் படம் வரைந்து, உறுப்புக்களின் பெயரெழுதி, நன்மதிப்பெண் பெற்ற பகுதியே.

நிற்க. 2016ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து அடைமழையில், ஆச்சி ஓர் உறவினர் திருமணத்தின் பொருட்டு வெளியூர் சென்றிருந்த சமயம், கருப்பி என்னும் பெட்டை இரை தீண்டாது ஒதுங்கி நின்றது. தூக்கிப் பார்த்தேன். இரைப்பை நீர் நிறைந்த தோற்பைபோல் தளதளவென்று அசைந்தது. அலகைத் திறந்தபொழுது புளித்த மாவின் நாற்றம் வீசிற்று. இரை இறங்காது தேங்கிப் புளித்து, காளான் இனத்து நுண்ணுயிர் பெருகுவதால் உண்டாகும் நோய் இது. பச்சிளங் குழந்தைகளின் நாவில் வெண்மையாய்ப் படியும் பூஞ்சையும் இவ்வினத்தைச் சார்ந்ததே. கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பையை அமுக்கினால் கெட்ட நீர் வெளிப்பட்டுவிடும், நோயும் தீரும் என்று யாரோ கூறக் கேட்டிருந்தேன். கேட்டதைச் செய்தேன். நீர் வந்தது. மீண்டும் அமுக்கினேன்; மீண்டும் வந்தது. மூன்றாம் முறை அமுக்குகையில் கருப்பி இரண்டொரு தடவை திணறி, சிறகுகளை விரித்து, என் கையிலேயே உயிர் நீத்தது.

மறுநாள் ஆச்சி திரும்பி வந்தார். நடந்ததனைத்தும் ஒளியாது கூறினேன். அவர் சினந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்து, "பை எங்க இருக்குன்னு படிச்ச, மூச்சு எங்க போகுதுன்னு படிக்கலியாலே?" என்று மட்டும் கேட்டார்.

படித்திருந்தேன் என்பதே என் வெட்கம். கோழியின் மூச்சுக்குழல் அதன் நாவின் அடியிலேயே வாய் திறந்திருக்கிறது. அதனை மூடிக் காக்கும் மூடி நமக்கு உண்டு, பறவைக்கு இல்லை. கவிழ்த்து அமுக்குங்கால் மேலெழும் புளித்த நீர் அவ்வழியே நுரையீரலுட் புகுந்து கோழியை மூழ்கடித்துவிடும். படத்தில் அருகருகே எழுதிய இரு பெயர்கள், உயிருள்ள கழுத்தில் எவ்வளவு அருகில் உள்ளன என்பதை யான் கருதிப் பார்த்தேனில்லை.

அடுத்த நாள் விடியுமுன் ஆச்சி என்னை எழுப்பினார். அவருக்கு ஒரு கண்ணிற் புரை விழுந்திருந்தது. விளக்கும் கொளுத்தாமலே கூட்டினுட் கைவிட்டு ஒவ்வொரு கோழியாக எடுத்து, மார்பின் முன்னே இரு விரல்களை வைத்துப் பார்த்து, இன்ன கோழி இது என்று பெயர் கூறி என் கையில் தந்தார். "இரை போடுமுன்னே தொட்டுப் பாரு. பை வத்திக் கெடந்தா அதுக்குச் சொகம். வத்தலேன்னா அன்னைக்கே கவனி" என்றார். பன்னிரண்டு கோழிகளையும் தொட்டு முடிக்கக் கால் நாழிகையும் ஆகவில்லை. அன்று தொடங்கி விடுமுறை நாட்களிலெல்லாம் அவ்வேலை எனதாயிற்று. சில வாரங்களில், வற்றிய பை, தானியம் நிறைந்த பை, நீர் தேங்கிய பை, மாவுருண்டைபோல் இறுகிய பை ஆகிய நான்கையும் இருளிற் பிரித்தறிய என் விரல்கள் கற்றுக்கொண்டன.

2017ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் அக்கல்விக்குச் சோதனை வந்தது. செவலை என்னும் பெட்டையின் இரைப்பை ஒரு வைகறையில் எலுமிச்சங்காய் அளவில் கல்போல் இறுகியிருந்தது. நாற்றமில்லை, நீருமில்லை. இஃது அடைப்பு. நீண்ட புல், வைக்கோல், நார், நூல் போன்றவை ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகி வழியை அடைத்துக்கொள்ளும்பொழுது இவ்வாறு நேரும். பையில் அடைப்பிருக்கும்பொழுதும் கோழி இரை கொத்த முயலும், கொத்தியது இறங்காது. வெளியே நிறைந்தும் உள்ளே பட்டினியுமாய் நாளுக்கு நாள் மெலிந்து அது இறந்துபோம்.

இம்முறை ஆச்சி அருகிலிருந்து சொல்ல, யான் செய்தேன். செவலையைத் தனியே ஒரு பஞ்சாரத்தின்கீழ் விட்டு, அடியில் வைக்கோல் பரப்பாது பழைய கோணியை விரித்தோம். இரை யாதும் இடாது நல்ல நீர் மட்டும் வைத்தோம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் வெதுவெதுப்பான நீரில் சிறிது தேங்காயெண்ணெய் கூட்டி, சொட்டுக்குழாயினால் அலகின் ஓரத்தே சில சொட்டுக்களாக விட்டோம். கோழியை நிமிர்ந்த நிலையிலேயே பிடித்திருந்தோம். ஒரு சொட்டை அது தானே விழுங்கிய பின்னரே மறு சொட்டு. பிறகு விரல் நுனிகளால் பையை வட்டமாகவும் மென்மையாகவும் சில நிமிடம் பிசைந்துவிட்டோம். "சப்பாத்தி மாவு பெசையுற மாதிரி இல்லலே, பச்சப்புள்ள வயித்தத் தடவுற மாதிரி" என்று ஆச்சி ஒருமுறைக்கு இருமுறை எச்சரித்தார். அமுக்கி மேலே தள்ள ஒருகாலும் முயலவில்லை.

முதல் நாள் மாலையிற் பையின் புறப்பகுதி இளகிற்று. இரண்டாம் நாள் வைகறையில் அளவு பாதியாகக் குறைந்தது. யான் வென்றேன் என்றே எண்ணினேன். ஆயின் நடுவில் ஒரு முடிச்சு மட்டும் விரலுக்கு அடங்காது நின்றது. அன்று முழுவதும் பிசைந்தும் அது அசையவில்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று யான் கூற, ஆச்சி தலையசைத்து மறுத்தார். "கை செய்யுறத கை செஞ்சாச்சு. இனி டாக்டரு கைக்கு வேல" என்றார். அரசினர் கால்நடை மருந்தகத்திற்கு மூன்றாம் நாட் காலையிற் சென்றோம்.

அங்கிருந்த மருத்துவர், 1903ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். தொட்டுப் பார்த்த அளவில், இது நூலாக இருத்தல் கூடும், எண்ணெய்க்கு இளகாது என்றார். பைக்கு மேலுள்ள இறகுகளைக் களைந்து, அவ்விடம் மரத்துப்போகும்படி ஊசி மருந்திட்டு, தோலையும் பையையும் சிறிதே கீறி, உள்ளிருந்ததை வெளியே எடுத்தார். புல்லோடு புல்லாய்ப் பின்னிக்கிடந்தது, அரிசிச் சாக்கின் வாயைத் தைக்கும் வெண்ணிற நைலான் நூல். நீட்டி அளந்தபொழுது நான்கு சாண் இருந்தது. பொங்கலுக்கு வாங்கிய புதுச் சாக்கை ஒரே இழுப்பில் பிரித்து, அந்நூலை முற்றத்தில் எறிந்தவன் யானே. மருத்துவர் பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்து முடிக்கும் வரையில் என் வாயிற் சொல் எழவில்லை.

செவலை பிழைத்தது. சில நாள் குருணைக் கஞ்சியைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டினோம். மருத்துவர் கொடுத்த மருந்து முடிந்து அவர் குறித்த நாட்கள் கழியும் வரையில் அதன் முட்டையை உண்பதோ விற்பதோ ஆகாது என்றார்; ஆனால் அது முட்டையிடத் தொடங்கியதே மூன்று வாரத்திற்குப் பின்னர்த்தான்.

இனி, வீட்டிற் செய்யத்தக்கதும் தகாததும் எவை என்று சுருங்கக் கூறுவேன். இறுகிய பைக்கு இரை நிறுத்தமும், நீரும், எண்ணெயும், மென்மையான பிசைதலும் இரண்டு நாள் வரையிற் செய்து பார்க்கலாம். அதற்கும் இளகாதாயின் மருத்துவரை நாடவேண்டும். புளித்து நாறும் பைக்கு இரையை நிறுத்தி நல்ல நீர் வைத்து, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுதலே தகும். காளானைக் கொல்லும் மருந்துகள் உண்டு. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்னும் இரு பெண்மணிகள் 1950ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்த நிஸ்டாட்டின் அவற்றுள் ஒன்று. பாக்டீரியாக்களைக் கொல்லும் மாத்திரைகளைத் தாமே வாங்கிப் பொடித்துக் கொடுப்பாரும் உளர். அவை காளானைக் கொல்லா, அதனை வளரவிடவும் கூடும். மயில்துத்தம் அளவு மிகின் நஞ்சாகும். தசை தளர்ந்து தொங்கிப்போன பையோ முன்போல் மீள்வது அரிது. அக்கோழிக்குச் சிற்றளவாய்ப் பலமுறை இரையிட்டுப் பேணுதலே வழி.

மற்றொன்றும் நினைவில் வைத்தற்குரியது. இரைப்பை வற்றாமை சில வேளை வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கும். வெள்ளைக் கழிச்சலில் இரை செரியாது நிற்பதுண்டு. 1907ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு யோசேப் மாரெக் விளக்கிய நோயில், பையை இயக்கும் நரம்பே தளர்ந்து பை விரிந்துவிடுதலும் உண்டு. கோழி மூச்சுத் திணறினாலும், கழுத்து முறுக்கினாலும், கால் இழுத்தாலும், பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்தாலும், பையைப் பிசைந்துகொண்டு காலத்தைப் போக்குதல் பேதைமை. நோய் வாராது காத்தல் இவையனைத்தினும் எளிது. வெட்டிய புல்லைச் சிறிதாக நறுக்கியே இடுக. அரைவைக்கு வேண்டிய சிறு கற்கள் கிடைக்கச் செய்க. தண்ணீர்க் கலத்தை நாடோறும் கழுவுக. கழிச்சலுக்குரிய தடுப்பு மருந்தைக் காலத்திற் கொடுக்க. நூலும் கயிறும் முற்றத்திற் கிடக்க விடற்க.

மருந்தகத்தினின்று திரும்பிய அன்று மாலை ஆச்சி அந்த நான்கு சாண் நூலை வெந்நீரிற் கழுவி உலர்த்தி, முட்டைப் பணம் போடும் டப்பாவின் கழுத்திற் சுற்றிக் கட்டிவைத்தார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. அடுத்த பருவத்திற்குரிய தேர்வுக் கட்டணத்தை எண்ணி எடுக்கும்பொழுது அந்நூலை அவிழ்த்தே மூடியைத் திறக்கவேண்டியிருந்தது.

மாணாக்க நண்பர்களே, நாம் ஏட்டிற் கற்பது பொய்யன்று. கருப்பியைக் காக்க வேண்டிய அறிவு என் குறிப்பேட்டிலேயே இருந்தது. அது விரலுக்கு இறங்கி வரவில்லை. ஆச்சியின் விரல்களிலிருந்த அறிவோ, தன் எல்லை எதுவெனவும் அறிந்திருந்தது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுவதே கல்வி என்று இப்பொழுது எண்ணுகிறேன். உங்கள் வீட்டிற் கோழி உண்டாயின், நாளை வைகறையில் இரையிடுமுன் அதன் மார்பின் முன்னே இரு விரல் வைத்துப் பாருங்கள்.